தயிர்டப்பாவும் சிவப்புப் பீப்பாயும்

ஏப்ரல் 21, செவ்வாய்

ஒரு தவறைத் திருத்தி எழுதுகிறேன். என் லென்ஸில் கூர்மை பிடிக்கிற மோட்டார் செத்துவிட்டது என்று குளிர்காலம் முழுக்கப் புகைப்பட மாலை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாகவில்லை. பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்ச், கையால் திருப்புகிற பக்கம் தள்ளிக் கிடந்திருக்கிறது. தளர்ந்துபோன ரப்பர் வளையத்தைப் பிடித்துவைக்க நான் சுற்றிய கறுப்பு டேப், சுவிட்சையும் சேர்த்து மூடிவிட்டது. இன்று யல்மாரிதான் டேப்பை உரித்துக் காட்டினான்.

"ஏய் பிஹ்லா, உயிரோட இருக்கிற ஆளுக்கு இத்தனை மாசமா துக்கம் காத்துட்டு இருந்திருக்கே."

"டேப் மறைச்சிடுச்சு."

"டேப்ப ஒட்டினது யாரு? பக்கத்து வீட்டுப் பூனையா?"

வகுப்பே சிரித்தது. சொல்லித்தருகிற சால்மேயும் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

யல்மாரி சாலையில் பனி வாருகிற வண்டி ஓட்டுகிறான். அவனிடம் இருப்பது கேமரா கம்பெனியே செய்த லென்ஸ். வெள்ளை நிறம், நல்ல கனம். என்னுடையது, வேறொரு கம்பெனி அதே கேமராவுக்குப் பொருந்துகிற மாதிரி மலிவாகச் செய்தது. அலமாரியை வாடகைக்கு எடுத்து அவரவர் பழைய சாமானை விற்கிற கடையில், பனிச்சறுக்குக் காலணிகளுக்கும் ஒரு வாஃபிள் கல்லுக்கும் நடுவில் கிடந்தது. விலைச்சீட்டில் 'வேலை செய்யும், பெரும்பாலும்' என்று எழுதியிருந்தது. அந்தப் 'பெரும்பாலும்' பிடித்துப்போய்தான் வாங்கினேன். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் என்பதால் வகுப்பில் அதற்குப் பெயர் தயிர்டப்பா.

சிரிப்பு அடங்குவதற்குள் ஊர்ச்சங்கத்துச் செயலாளர் கவுகோ தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். ஆற்றுப் பனிக்கட்டி இன்னும் ஒரு வாரமோ என்னவோ என்றார். ஒவ்வொரு வசந்தத்திலும் ஆற்றின் நடுவில், பனிக்கட்டியின் மேல் ஒரு சிவப்புப் பீப்பாயை நிறுத்துவார்கள். இந்தக் கரையில் ஒரு கறுப்புக் கம்பம், எதிர்க்கரையில் ஒரு கறுப்புக் கம்பம். பனிக்கட்டி உடைந்து நகரும்போது பீப்பாய் இரண்டு கம்பங்களுக்கும் இடையிலான கோட்டைக் கடக்கும் நிமிஷத்தை யார் சரியாக ஊகிக்கிறார்களோ அவர்களுக்குப் புகைபோட்ட சால்மன் மீன் ஒன்று, பலகையில் பெயரும். போன வருஷம் காவலுக்கு இருந்தது கவுகோதான். காபி குடிக்கப் போன நேரத்தில் பீப்பாய் போய்விட்டது. இரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு நேரம் சொல்லின. இன்றுவரை கடையில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் ரொட்டி அடுக்குப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

"இந்தத் தடவ படம் வேணும்" என்றார் கவுகோ. "படம் இல்லேன்னா விளையாட்டே வேண்டாம்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. பீப்பாயக்கூட வித்துடலாம்னு ஒருத்தர் சொல்றார். உங்கள்ல யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும்."

எல்லோரும் தங்கள் கேமராப் பையைப் பார்த்தார்கள். ஒரு கை மட்டும் மேலே போயிருந்தது. என் கை.

"எதை வெச்சு எடுக்கப் போறே?" என்று கேட்டார். தயிர்டப்பாவைக் காட்டினேன். கவுகோ அதைப் பார்த்தார், சால்மேயைப் பார்த்தார், பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏன் கை தூக்கினேன் என்று யோசித்தேன். இதுவரை யாரும் என்னை நம்பி எதையும் விட்டதில்லை. நானும் விடச் சொன்னதில்லை.


ஏப்ரல் 23, வியாழன்

தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை முடிந்ததும் தீயணைப்பு நிலையத்துச் செங்கல் சுவரை எடுக்கப் போனேன். இந்த லென்ஸ் வாங்கியதிலிருந்து வருஷம் ஒருமுறை அதே சுவரை, அதே சாக்கடை மூடியின் மேல் நின்று எடுத்துவைக்கிறேன். லென்ஸ் எப்படிக் கெட்டுக்கொண்டு வருகிறது என்று தெரிந்துகொள்ள.

இன்று எல்லாப் படங்களையும் வரிசையாகத் திரையில் வைத்துப் பார்த்தேன். வெளியே கெட்டதற்குக் குறைவில்லை. ரப்பர் வெளுத்துவிட்டது. கேமராவில் பூட்டுகிற இடம் பிளாஸ்டிக் என்பதால் தேய்ந்து, பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுகிறது. கீழ்நோக்கிப் பிடித்தால் ஜூம் குழாய் தன் பாரத்திலேயே மெதுவாக வழிந்து இறங்கும், தூங்குகிறவன் தலை சாய்வது போல. உள்ளே ஒரு தூசி, அது எப்போது புகுந்தது என்று தெரியவில்லை. ஆனால் செங்கற்கள் அப்படியே இருக்கின்றன. முதல் வருஷம் நடுவில் எவ்வளவு கூர்மையோ இன்றும் அவ்வளவு. ஓரங்களில் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். அது முதல் வருஷத்திலிருந்தே உண்டு. அதைக் குறை என்று நினைத்தேன். இப்போது குறை என்று எழுதக் கை வரவில்லை. கண் பழகிவிட்டதா, உண்மையிலேயே அழகா என்று தீர்மானிக்க முடியவில்லை.

பல் துலக்கும் பிரஷைத் தவிர இவ்வளவு பயன்படுத்திய பொருள் என்னிடம் வேறு கிடையாது. படகில், பனிச்சறுக்குப் பாதையில், கொசுக்கள் மொய்க்கும் சதுப்பில் எல்லாம் கூடவே வந்திருக்கிறது. ஒரு தடவை மீன் வாளிக்குள் விழுந்தது. அழுதிருப்பேன், விலை ஞாபகம் வந்ததால் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனேன். பனிக்கட்டி சாம்பல் நிறமாகிவிட்டது. ஓரங்களில் தண்ணீர் கறுத்து நிற்கிறது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் எதிர்க்கரை தரையில் நிற்பதாகத் தெரியவில்லை. பிர்ச் மரங்களும் கறுப்புக் கம்பமும் ஒரு வெளிறிய ஒளியில் மிதக்கின்றன. பீப்பாய் மட்டும் சிவப்பாக, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தேன். அது பீப்பாயை விட்டு முன்னும் பின்னும் அலைந்தது. மீண்டும் கையாலேயே திருப்பிக் கூர்மை பார்த்து, வளையம் நகராமல் டேப் ஒட்டினேன். இந்தத் தடவை சுவிட்சை மூடாமல்.


ஏப்ரல் 26, ஞாயிறு

யல்மாரி வீட்டுக்கு வந்தான். கையில் பெரிய பெட்டி.

"இத வெச்சுக்கோ. பீப்பாய் போற வரைக்கும்."

"வேண்டாம். கீழ போட்டுட்டா?"

"போட்டா போடு. உன் தயிர்டப்பாவ நம்பி கவுகோ ராத்திரி தூங்கறது இல்லையாம். அவர் பொண்டாட்டி சொன்னா."

"அவங்க பிரிஞ்சு பல வருஷம் ஆச்சே."

"அதனாலதான் சொல்றேன், ஊருக்கே தெரிஞ்சிருக்கு."

பெட்டியைத் திறந்தேன். உள்ளே லென்ஸ் வெல்வெட்டில் படுத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் என் முகம் ஊதா நிறத்தில் தெரிந்தது. எத்தனை நாளாக வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். வாங்கி மூன்று வருஷம் ஆயிற்று என்றான்.

"இவ்வளவு புதுசா இருக்கு?"

"வண்டில எடுத்துட்டுப் போனா குலுங்கும். மழைல வேண்டாம். பனில வேண்டாம்." கொஞ்சம் யோசித்தான். "போன கோடைல பூவ எடுத்தேன்."

அவன் போன பிறகு கணக்குப் போட்டு முடிவு செய்தேன். வெள்ளை லென்ஸ் என் கேமராவில். தயிர்டப்பா வகுப்புக்குச் சொந்தமான பழைய கேமராவில், உபரியாக. இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் போனைப் பார்த்துச் சரியாக வைத்தேன். பொறுப்பு என்று ஒன்று எடுத்துக்கொண்டால் இருப்பதில் நல்லதைத்தானே பயன்படுத்த வேண்டும். மாலையில் அதைச் சோதிக்க ஆற்றங்கரைக்கு எடுத்துப்போனேன். எதிர்க்கரை மரத்தின் பட்டை உரிவது வரை தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. அரை மணி நேரம் அதைக் கையில் பிடித்திருந்ததில் ஆற்றைப் பார்த்த மாதிரியே இல்லை. லென்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஏப்ரல் 30, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

நாளை மே முதல் நாள் என்பதால் சோதனைக்கூடம் மதியத்தோடு மூடியது. ஹெல்கா வீட்டுச் சவுனா, அதாவது ஆவிக்குளியல் அறை, ஆற்றங்கரையில், நம் பக்கத்துக் கம்பத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதன் திண்ணென்ற மரப்படியில் நின்றால் இரண்டு கம்பங்களும் ஒன்றாகச் சேர்ந்து தெரியும். பீப்பாய் அந்தக் கம்பத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். ஹெல்கா என்னோடு சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். என்னைவிடப் பத்து வயது பெரியவள், வாய் ஓயாதவள். படியில் டிரைபாட் வைத்து வெள்ளை லென்ஸைப் பூட்டினேன். தயிர்டப்பாவைப் பழைய கேமராவோடு கைப்பிடிக் கம்பத்தில் வாரால் கட்டித் தொங்கவிட்டேன்.

மதியம் முழுக்க எதுவும் நகரவில்லை. ஹெல்கா எலுமிச்சை போட்டுப் புளிக்கவைத்த சீமாவைக் குவளையில் ஊற்றித் தந்தாள். முறுக்கு மாதிரி பிழிந்து பொரித்துச் சர்க்கரை தூவிய பண்டத்தையும் தட்டில் வைத்தாள். நான் காபியை மட்டும் தொடவில்லை. கவுகோவின் ஞாபகம்.

ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் ஒரு மாதிரி கரைந்துவிடுகிறது. வானமும் பனிக்கட்டியும் ஒரே சாம்பல். கரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. சில சமயம் பீப்பாய் நகர்கிற மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் அது அங்கேயேதான் நிற்கும், நான்தான் ஆடியிருப்பேன். பிறகு முழு ஆறும் அசையாமல் நிற்க, இந்தப் படியும் சவுனாவும் நாங்களும்தான் மெதுவாக மேல்நோக்கி மிதந்துபோகிறோம் என்று தோன்றியது. அந்த நினைப்பு சுகமாக இருந்ததால் அதைக் கலைக்கவில்லை.

சாயங்காலம் ஹெல்கா அடுப்பைப் பற்றவைத்தாள்.

"வா உள்ள. குளிர்ல விறைச்சு நிக்கறே, மூக்கு பீப்பாய் கலர்ல இருக்கு."

"பீப்பாய் போயிடுச்சுன்னா?"

"சத்தம் கேக்கும்டீ. இந்த ஆறு சொல்லாம கொள்ளாம எங்கயும் போனதில்ல. நாம மாறி மாறி உக்காரலாம். நீ முதல்ல போ, நான் பாத்துக்கறேன்."

போனேன். கல்லில் தண்ணீர் ஊற்றினேன், ஆவி மேலே எழுந்து முதுகில் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு எத்தனை நேரம் இருந்தேனோ தெரியவில்லை. நடுவில் வெளியே கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த இன்னொரு சத்தம். முதலில் ஹெல்கா கண்ணாடிக் குவளைகளைத் தட்டில் வைத்துத் தூக்கிப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தக் குவளைகள் முடியவே இல்லை. ஆறு முழுக்கக் குவளைகள்.

"பிஹ்லா! போகுது! போகுது!"

துண்டைச் சுற்றிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் ஓடினேன். அங்கே, கோட்டுகளுக்கு நடுவில், என் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை லென்ஸோடு. வெளியே ஈரப்பனி தூற ஆரம்பித்ததாம். அத்தனை விலை உயர்ந்த பொருளைப் பனியில் நிற்கவைக்க மனம் வராமல், ஹெல்கா கழற்றி, சூடாக இருக்கட்டும் என்று உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றாள்.

லென்ஸின் முன்கண்ணாடி முழுக்க வெண்மை. மதியம் முழுவதும் வெளியே உறைந்திருந்த கண்ணாடி, ஆவி நிறைந்த அறைக்குள் வந்ததும் வியர்த்துவிட்டது. துண்டின் முனையால் துடைத்தேன். துடைத்த கையோடு மீண்டும் வெளுத்தது. பதற்றத்தில் ஜூம் வளையத்தை முன்னும் பின்னும் திருப்பினேன். குழாய் நீண்டு சுருங்கிய ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. இப்போது எழுதும்போதுதான் அது புரிகிறது. அதன் வழியாகப் பார்த்தேன். ஆறு இல்லை, கரை இல்லை. பாலுக்குள் பார்ப்பது போல இருந்தது.

"இன்னொன்னு எங்க?" என்று கத்தினேன்.

"எது?"

"தயிர்டப்பா!"

"அதயா? அது அங்கயேதான் கிடக்கு. அதுக்கு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

வெறுங்காலோடு படிக்கு ஓடினேன். கைப்பிடிக் கம்பத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது, மேலே ஈரப்பனி அப்பி. ஊதித் தள்ளினேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிராக அது இருந்ததால் வியர்க்க எதுவும் இல்லை. கேமராவைக் கண்ணில் வைத்தேன். ஜூம் குழாய் வழிய ஆரம்பித்தது. இடது கையால் அடியில் தாங்கிப் பிடித்தேன். என் தலைமுடியிலிருந்து ஆவி எழுந்து முன்னால் போனது, மூச்சை அடக்கிக்கொண்டேன்.

முழு ஆறும் போய்க்கொண்டிருந்தது. வேகமே இல்லை. ஒரு பெரிய சாம்பல் தரை, கீறல்களோடு, ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, நகர்கிறது என்று ஒப்புக்கொள்ளாமல் நகர்ந்தது. பீப்பாய் அதன் மேல் நின்றபடியே வந்தது. லேசாகச் சாய்ந்து, யாரோ கூப்பிட்ட பக்கம் திரும்புவது போல ஒரு சுற்றுச் சுற்றியது. லென்ஸின் ஓரங்களில் பால் ஒளி. நடுவில் அந்தச் சிவப்பு. எனக்குக் குளிரவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை. இதை முன்பே எங்கோ பார்த்துவிட்டேன், இப்போது ஞாபகப்படுத்திக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

கம்பத்தின் வலப்பக்கம். அழுத்தினேன். பழைய கேமரா படத்தைச் சேமித்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதன் சின்ன விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பீப்பாய் கம்பத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. விளக்கு இன்னும் சிமிட்டியது. பீப்பாய் மறுபக்கம் தலைகாட்டியது. விளக்கு அணைந்தது. அழுத்தினேன்.

பீப்பாய் வளைவில் திரும்பி மறைந்தது.

"படம் விழுந்துச்சா?" என்று ஹெல்கா மெல்லக் கேட்டாள். என் தோளில் அவள் கோட்டைப் போட்டிருந்தாள், எப்போது என்று தெரியவில்லை.

"ரெண்டு விழுந்திருக்கு. கோட்டக் கடக்கறது நடுவுல போயிடுச்சு."

திரையில் பார்த்தோம். ஒன்றில் பீப்பாய் கம்பத்துக்கு வலப்பக்கம். அடுத்ததில் இடப்பக்கம். கீழே கேமரா பதித்த நேரம். இரண்டிலும் ஒரே நிமிஷம்.


மே 1, வெள்ளி

காலையில் கவுகோ, பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் மே முதல் நாளில் போடுகிற வெள்ளைத் தொப்பியோடு வீட்டுக்கு வந்தார், ஊரே இன்று அந்தத் தொப்பிதான். திரையைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஓரமெல்லாம் ஏன் இப்படி மூடுபனியா இருக்கு? நேத்து மூடுபனி இல்லயே."

"லென்ஸ் அப்படி."

"பீப்பாய் கம்பத்த தொட்டுக்கிட்டு இருக்கிற படம்?"

"இல்ல. கேமரா நின்னுடுச்சு. ஆனா ரெண்டும் ஒரே நிமிஷம். நம்ம விளையாட்டு நிமிஷக் கணக்குதானே?"

மறுபடியும் பார்த்தார். உதடு அசைந்தது, இரண்டு படத்தின் நேரத்தையும் படித்துக்கொண்டிருந்தார். "நிமிஷக் கணக்குதான்" என்றார் கடைசியில். "அப்ப கோட்டக் கடந்ததும் அந்த நிமிஷந்தான். இதுல யார் என்ன சண்ட போட முடியும்?" சட்டைப்பையிலிருந்து ஊகங்களை எழுதிய தாளை எடுத்து விரலை ஓட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. முகம் மாறியது.

"யாரு?"

"சிர்க்கா" என்றார். அவருடைய முன்னாள் மனைவி. "சால்மன நான்தான் கொண்டுபோய்க் குடுக்கணும், செயலாளர்னு." கதவருகில் நின்று திரும்பினார். "அடுத்த வருஷத்துக்குப் பீப்பாய் புதுசா வாங்கணும். பழசு இந்நேரம் கடல்ல இருக்கும்."

பீப்பாய் வாங்குகிறார்கள். விற்கவில்லை.

அதன்பின் யல்மாரிக்குப் போன் செய்தேன். நேரிலேயே வந்தான். வெள்ளை லென்ஸைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். வெளிக்கண்ணாடி காய்ந்துவிட்டது. உள்ளே, எட்ட முடியாத ஆழத்தில், ஒரு வட்டமான மங்கல், அதன் நடுவில் சின்னத் துளிகள். நான் ஜூம் வளையத்தைத் திருப்பியதைச் சொன்னேன். ஹெல்கா பெயரைச் சொல்லவில்லை. அவளே நேற்றே அவனிடம் சொல்லிவிட்டாளாம்.

அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபமாக இருந்தானா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

"குளிர்ல இருந்து சூட்டுக்குள்ள கொண்டுவரக்கூடாதுன்னு யாருக்கும் தெரியாதா?" என்றான். உடனே தானே பதில் சொன்னான். "எனக்குத் தெரியாது. நான் இத குளிருக்கே கொண்டுபோனதில்லயே."

"நான் சரி பண்ணித் தரேன்."

"பண்ணு. அதுவரைக்கும் தயிர்டப்பாவ எனக்குக் குடு. ஞாயித்துக்கிழம அந்தப் பனிக்கட்டி கடல்ல கலக்கற இடத்துக்குப் போலாம்னு இருக்கேன்."

"கீழ போட்டுட்டா?"

"போட்டா வாளில இருந்து எடுத்துத் துடைச்சுக்கறேன்."

கொடுத்தேன். குழாய் வழிவதையும் எப்படி அடியில் தாங்க வேண்டும் என்பதையும் காட்டினேன். ஒரு தடவை செய்து பார்க்கச் சொன்னேன், செய்தான்.

தயிர்டப்பா தாங்கிவிட்டது என்று எழுத நினைத்தேன். நேர்மையாக எழுதினால், அதன் மேல் யாருக்கும் அக்கறை இல்லாததால் அது தப்பித்தது. இதுவும் பாதிதான் சரி. எனக்கு அக்கறை இருந்தது, எந்தப் பனியிலும் கூட்டிக்கொண்டு போகிற வகை அக்கறை. அதில் எது அதைக் காப்பாற்றியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு எழுதக்கூடாது என்று சோதனைக்கூடத்தில் சொல்வோம். எழுதவில்லை.

நாளை: இரண்டு படங்களையும் அச்செடுத்துக் கடைக் கதவில், ரொட்டி அடுக்குப் பக்கம் நிற்பவர்களுக்கும் தெரிகிற உயரத்தில் ஒட்ட வேண்டும். பிறகு காலை பஸ்ஸில் பெரிய நகரமான ஊலுவுக்குப் போய் வெள்ளை லென்ஸைப் பழுது பார்க்கிறவரிடம் கொடுக்க வேண்டும், சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார். வழியில் ஜூம் வளையத்தைத் திருப்பக் கூடாது.